எழுத்தும் சித்திரமும்: ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்



பிரான்சு நாட்டில் ஓர் ஓவியரைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் முதலில் அவருடைய ஊரைச் சொல்வது வழக்கம். கூர்பே என்றால் ஒர்னான். செசான் என்றால் எக்ஸ். 1819-இல் ஒர்னான் என்னும் சிற்றூரில் பிறந்த கூர்பே, தம் ஊரில் நடந்த ஒரு சவ அடக்கத்தை 1849-இலும் 1850-இலும் மிகப் பெரிய துணிச்சீலையில் எழுதினார். அரசர்களுக்கும் தேவர்களுக்கும் உரிய அளவு என்று அதுவரை கருதப்பட்ட சீலையில் ஊர்க் குடியானவர்களும் பாதிரியாரும் குழிவெட்டியும் வரிசையாக வந்து நின்றார்கள். 1839-இல் எக்ஸ் நகரில் பிறந்த செசான் பாரிஸுக்குப் போனார், வந்தார்; கடைசியில் பிறந்த ஊரிலேயே தங்கி, கண்ணெதிரே தெரிந்த சேன்ட் விக்தொவார் என்னும் ஒரே மலையை மீண்டும் மீண்டும் தீட்டி, 1906-இல் அங்கேயே மறைந்தார். இவர்களை வட்டார ஓவியர் என்று சொன்னால் அந்நாட்டில் யாரும் அதைக் குறைவாக எண்ணுவதில்லை. ஒரு மலையையும் ஒரு தெருவையும் முற்றாக அறிந்தவர் என்பதே அதன் பொருள்.

நம் நாட்டில் இந்த வழக்கத்தைப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. ஒரே மொழி பேசி, ஒரே மலையடியில் பிறந்து, அங்கேயே மடிந்தவர்களுக்கு வட்டாரம் இன்னது என்று சொல்வது எளிது. இரண்டு மொழிகளுக்கு நடுவே பிறந்தவருக்கு எது வட்டாரம்? ஓர் ஊரில் பிறந்து, மற்றோர் ஊரில் வளர்ந்து, மூன்றாவது ஊரில் பிழைப்பவருக்கு எது சொந்த மலை? சொந்த மாநிலத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. ஆகையால், இந்தக் கேள்வியைத் தம் வாழ்வாலும் தூரிகையாலும் எதிர்கொண்ட ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் பெயர் கோவலெழி சீரம்பத்தூர் சங்கர பணிக்கர். கலையுலகம் அவரைக் கே. சி. எஸ். பணிக்கர் என்று அறியும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே இருந்து தெற்கே மதில்போல வருகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே அந்த மதில் திடீரென்று முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்துக்குத் திறந்துவிடுகிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டுக் காற்று மேற்கே செல்வதும், மலையாளக் கரையின் மழைக்காற்று கோயம்புத்தூரைக் குளிர்விப்பதும் இந்த வாயில் வழியேதான். 1860-களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குச் சென்ற ரயில்பாதையும் இதே வாயிலைத்தான் தேடிக் கொண்டது. ஆனைமலைச் சரிவில் தமிழ் மண்ணில் ஊற்றெடுக்கும் பாரதப்புழை, பாலக்காட்டைக் கடந்து, பொன்னானியில் அரபிக் கடலை அடைகிறது.

நீரும் காற்றும் ரயிலும் செல்லும் வழியே மக்களும் சென்றார்கள். கல்பாத்தியின் அக்கிரகாரங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசும் உழவர்கள் உண்டு. தெற்கே சென்றால், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலைத் தோட்டங்களைத் தம் உழைப்பால் உருவாக்கிய தமிழ்த் தொழிலாளர்களின் வழித்தோன்றல்களைக் காணலாம். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. தேச வரைபடத்தில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் இரு புறமும் வாழ்ந்த மக்களின் பேச்சும் சமையலும் வழிபாடும் கோலமும் அதன் பின்னரும் முன்போலவே கலந்து கிடந்தன.

இந்தக் கணவாயின் கிழக்கு வாயிலில், கோயம்புத்தூரில், 1911 மே 31-ஆம் நாள் பணிக்கர் பிறந்தார். அவருடைய குடும்பத்தின் ஊரோ மேற்கு முனையில், பொன்னானிக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள வெளியங்கோடு. ஆகவே, அவருடைய இளமை கணவாயின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் தொடர்ந்தது. ஒரு முனையில் பருத்தி விளையும் கரிசலும் வறண்ட வெளியும். மறுமுனையில் தென்னையும் கால்வாயும் சேறும் பசுமையும். கனோலி கால்வாய் ஓடும் அந்தக் கரைப்பகுதி ஓவியனின் கண்ணுக்குப் பெரிய விருந்து. தண்ணீரில் தென்னையின் நிழல் விழுகிறது. படகு வருகிறது, நிழல் கலைந்து மறுபடி கூடுகிறது. பன்னிரண்டு வயதளவிலேயே பணிக்கர் இத்தகைய இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். பதினேழு வயதில் அவருடைய படங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன.

ஆயினும், திறமை இருந்தது என்பதற்காக ஒருவருக்கு வழி திறந்துவிடுவதில்லை. இளமையிலேயே பொருள் ஈட்ட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. தந்தித் துறையில் பணியாற்றினார். பிறகு ஆயுள் காப்புறுதிக்கு ஆள் சேர்க்கும் வேலையும் பார்த்தார். தந்தி என்பது 2013-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்றைய இளைஞர்கள் அதை அறியமாட்டார்கள். புள்ளியும் கோடுமாகச் செய்தி ஓடிய காலம் அது. அரசு அலுவலகத்தின் மேசையில் காலையிலிருந்து மாலைவரை பிறருடைய சொற்களைக் கையாண்டுவிட்டு, அந்தி வேளையில் தமக்கென்று ஒரு காரியம் செய்ய விழைவோரின் மனநிலை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். பெரும்பாலோர் அந்த விழைவைச் சில ஆண்டுகளில் மறந்துவிடுகிறோம். பணிக்கர் மறக்கவில்லை. 1936-இல், இருபத்தைந்தாம் வயதில், சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கியது அது. நாட்டின் கைத்தொழில்களை வளர்ப்பதே அதன் முதல் நோக்கம். மரவேலை, உலோகவேலை, மண்பாண்டம் ஆகியவற்றுக்கு அங்கே நெடுங்காலம் முதலிடம் இருந்தது. 1929-இல் வங்கச் சிற்பி தேவிபிரசாத் ராய் சௌதுரி அதன் தலைமையை ஏற்றார். சென்னைக் கடற்கரையில் நான்கு தொழிலாளர்கள் ஒரு பாறையைப் பெயர்க்கும் சிலையை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அது அவர் கைவண்ணம். அவருடைய காலத்தில்தான் அப்பள்ளியில் ஓவியமும் சிற்பமும் தனிப்பெரும் கலைகளாக வளர்ந்தன. பணிக்கர் அவரிடம் பயின்று, 1941-இல் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1957-இல் ராய் சௌதுரி ஓய்வு பெற்றபோது பணிக்கரே தலைமைப் பொறுப்பை ஏற்று, 1967 வரை அதை வகித்தார்.

இந்தப் பதவிகளைவிட முக்கியமான செயல் ஒன்றை அவர் 1944-இல் செய்தார். முற்போக்கு ஓவியர் சங்கம் என்னும் அமைப்பைச் சென்னையில் நிறுவினார். வங்காளத்துக்கு ஒரு கலை மரபு உண்டு, பம்பாய்க்கு ஒன்று உண்டு, தெற்கே என்ன இருக்கிறது என்று கேட்கப்பட்ட காலம் அது. தஞ்சைச் சுவரோவியமும் சோழர் செப்புத் திருமேனியும் பத்மநாபபுரத்துச் சித்திரமும் உள்ள நிலத்தில் அந்தக் கேள்வி எழுந்ததே ஒரு விந்தை. ஆனால், பழம்பெருமையைச் சுட்டிக்காட்டுவது மட்டும் இக்காலக் கலைஞனுக்கு விடையாகிவிடாது. தன் காலத்தில் தான் என்ன வரைகிறான் என்பதுதானே கேள்வி? சங்கம் கண்காட்சிகள் நடத்தியது. வட நகரங்களுக்கும் படங்களைக் கொண்டு சென்றது. 1961 முதல் கலைக்கென ஓர் ஆங்கிலப் பத்திரிகையையும் வெளியிட்டது.

அக்காலத்தில் பணிக்கரின் ஓவியம் எப்படி இருந்தது? இளமையின் நீர்வண்ண நிலக்காட்சிகளிலிருந்து அவர் நெடுந்தூரம் வந்திருந்தார். வண்ணத்தைத் துணிந்து தடவும் முறையில் வான்கோ, கோகென் ஆகியோரின் சாயல் படிந்திருந்தது. மனித உருவங்கள் மையத்துக்கு வந்தன. புத்தர் பிறந்த இடத்தின் பெயரால் லும்பினி என்றும், இயேசுவின் மலைப்பொழிவை நினைவூட்டும் தலைப்பிலும் அவர் 1950-களில் படங்கள் எழுதினார். கருணையும் துயரமும் அவற்றின் பொருள். கைத்திறன் குறைவற்றது. வேறொருவராயின் அந்த இடத்தில் மனநிறைவு அடைந்திருப்பார்.

1954-இல் அவர் ஐரோப்பாவுக்குச் சென்றார். இங்கிலாந்து, பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளைக் கண்டார். தம் படங்களையும் அங்கே காட்சிக்கு வைத்தார். அதுவரை அச்சுப் படங்களில் மட்டும் கண்ட ஐரோப்பியக் கலையை நேரில் நின்று பார்க்கும் வாய்ப்பு அது. நம் நாட்டிலிருந்து பாரிஸுக்குச் சென்ற கலைஞர்களில் சிலர் அங்கே கண்டதைக் கற்று வந்தார்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பணிக்கரோ ஒரு கேள்வியோடு திரும்பினார். ஐரோப்பியர் தம் மண்ணிலிருந்து எடுத்ததை நாம் இரவல் வாங்கி எழுதினால், அதில் நம்முடையது என்று எதைச் சொல்வது? கூர்பேயிடம் ஒர்னான் இருக்கிறது, செசானிடம் அவருடைய மலை இருக்கிறது. நம் சீலையில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு அவசர விடை ஒன்று எப்போதும் கையருகே இருக்கும். தாமரை, யானை, நடன மாது, கோயில் கோபுரம் ஆகியவற்றைப் படத்தில் சேர்த்துவிட்டால் இந்தியத்தன்மை வந்துவிடும் என்பது அது. வெளிநாட்டார் வாங்குவதற்கும் அது உகந்தது. பணிக்கர் அதை ஏற்கவில்லை. விடை தேடி ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் உழைத்தார். இடையே தோட்டம் என்னும் பொருளில் பல படங்கள் எழுதினார். உருவங்கள் படிப்படியாகக் கரைந்து வண்ணமும் கோடுமாயின. பிறகு 1963-இல் ஒரு திருப்பம் நேர்ந்தது.

ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் புத்தகம் அவர் கண்ணில் பட்டது. எண்களும் இயற்கணிதக் குறிகளும் வரைகோடுகளும் நிறைந்த பக்கம் அது. கணக்கு என்ன என்பதைப் பாராமல் அந்தப் பக்கத்தையே பார்த்தார். குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் ஒழுங்கும், எழுதிய கையின் ஓட்டமும், இடையிடையே விட்ட வெற்றிடமும் அவருக்கு ஒரு படமாகத் தெரிந்தன. முதலில் ரோமன் எழுத்துகளையும் எண்களையும் கணிதக் குறிகளையும் கொண்டே படம் எழுதினார். விரைவில் தம் மலையாள எழுத்தின் பக்கம் திரும்பினார். சொற்களும் குறிகளும் என்று பெயர் பெற்ற பெருந்தொடர் அவ்வாறு பிறந்தது.

அந்தப் படங்களைப் பார்க்காத நேயர்களுக்காகச் சற்று விவரிப்போம். மஞ்சளோ செம்மையோ சாம்பலோ படர்ந்த ஒரு வெளி. அதன்மேல் பழைய சுவடிபோல வரிவரியாக எழுத்து. ஓரிடத்தில் ஜாதகக் கட்டம்போல ஒரு சதுரம், அதற்குள் கோடுகள். ஓரத்தில் ஒரு மீன், ஒரு பறவை, ஒரு பாம்பு அல்லது சிறு மனித உருவம். கிராமத்துச் சுவரில் குழந்தை வரைந்ததுபோல எளியது. எழுத்தைப் படிக்க முயன்றால் படிக்க முடியாது. மலையாளம் அறிந்தவருக்கும் முடியாது. எழுத்தின் வடிவம் இருக்கும்; சொல் இராது. அவர் வேண்டுமென்றே அவ்வாறு எழுதினார்.

இதைக் கண்டு முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கலாம். பொருளில்லாத எழுத்தை எழுதி வைத்துவிட்டுக் கலை என்பது ஏமாற்று அல்லவா என்று கேட்பது நியாயமான கேள்வியே. அதைத் தட்டிக்கழிக்காமல் எண்ணிப் பார்ப்போம்.

நம் மொழியிலேயே அதற்கு ஒரு விடை இருக்கிறது. தமிழில் எழுதுதல் என்ற சொல்லுக்குப் பழங்காலம் முதலே இரண்டு பொருள் உண்டு. ஏட்டில் எழுதுவதும் எழுதுதல். சித்திரம் தீட்டுவதும் எழுதுதல். கண்ணுக்கு மை எழுதினார்கள். தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினார்கள். சுவரில் ஓவியம் எழுதினார்கள். இன்று நாம் படம் வரைந்தான் என்கிறோம். நம் முன்னோர் படம் எழுதினான் என்றார்கள். மலையாளத்தில் இந்த வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. பகவதிக்கும் ஐயப்பனுக்கும் நாகங்களுக்கும் தரையில் பொடிகளால் பேருருவம் தீட்டும் சடங்குக்குக் களமெழுத்து என்றே பெயர். அரிசிமாவின் வெண்மை, மஞ்சள்பொடியின் மஞ்சள், உமிக்கரியின் கருமை, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செம்மை, இலைப்பொடியின் பச்சை ஆகிய ஐந்து நிறங்களால் அந்த உருவம் எழுகிறது. பாட்டும் வழிபாடும் முடிந்ததும் அதைக் கலைத்துவிடுகிறார்கள். நம் வாசற்கோலத்துக்கு நெருங்கிய உறவு அது.

இடுக்கி மலைகளிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. மூணாறுக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லையருகே, அஞ்சுநாடு என்னும் பள்ளத்தாக்கில் மறையூர் இருக்கிறது. சந்தனமரக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பேர்போன ஊர். தமிழ் அங்கே நெடுங்காலமாக வீட்டு மொழி. முனியறை என்று மக்கள் அழைக்கும் பெருங்கற்காலக் கல்லறைகள் அதன் பாறைகளின்மேல் பலவாக நிற்கின்றன. பாறைக் குகைகளில் தொல்பழங்கால மனிதர் தீட்டிய விலங்கும் மனித உருவும் குறிகளும் காணப்படுகின்றன. அத்தகைய பாறையிடம் ஒன்றுக்கு எழுத்து என்ற சொல்லையே பெயரில் வைத்து ஊரார் வழங்கி வந்திருக்கிறார்கள். அங்கே படிப்பதற்கு எழுத்து எதுவுமில்லை, உருவங்களே உண்டு. அவற்றையும் எழுத்து என்று சொல்ல அம்மக்களுக்குத் தயக்கம் ஏற்படவில்லை.

ஆக, எழுத்தும் சித்திரமும் ஒரே கையின் செயல் என்ற எண்ணம் கணவாயின் இரு புறத்துக்கும் பொதுச்சொத்து. பணிக்கர் தொட்டது அதைத்தான். எழுத்திலிருந்து சொல்லை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறுமை என்று நாம் நினைக்கிறோம். எஞ்சுவது கை என்று அவர் படம் காட்டுகிறது. பாட்டனார் ஓலையில் எழுதிவைத்த ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள கணிதம் நமக்குப் புரிவதில்லை. ஆனாலும் அதைத் தூக்கி எறிய மனம் வருவதில்லை. யாரோ ஒருவர் நம் பிறப்பைக் குறித்து, கவனத்தோடு, எழுத்தாணி பிடித்து எழுதிய தடம் அது. புரியாத எழுத்துக்கும் இப்படி ஓர் ஆற்றல் உண்டு. தாமரையையும் யானையையும் சேர்க்காமலே அந்தப் படம் இந்த மண்ணுக்குரியதாகிவிட்டது. மலையாள எழுத்தோ தமிழகத்தில் வழங்கிய கிரந்த எழுத்தின் வழியில் வளர்ந்தது. ஆதலால் அதைப் பார்க்கும் தமிழர் கண்ணுக்கு, தெரிந்த முகமும் தெரியாத முகமும் மாறி மாறித் தோன்றும்.

பணிக்கரின் கலையைச் சொன்னோம். இனி அவர் செய்த உலகியல் காரியத்தைச் சொல்ல வேண்டும். அது கலைக்குச் சற்றும் குறைந்ததன்று.

கலைப்பள்ளியின் தலைவராக இருந்த அவர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு துயரத்தைக் கண்டார். திறமை மிக்க மாணவர்கள் படிப்பை முடித்து வெளியேறுவார்கள். படம் வாங்குவோர் அன்று சென்னையில் அரியர். ஆகவே, ஒருவர் துணி ஆலையில் வடிவமைப்பாளராவார். ஒருவர் ஏதேனும் அலுவலகத்தில் அமர்வார். சில ஆண்டுகளில் தூரிகை காய்ந்துவிடும். இதற்கு அரசு மானியத்தையோ செல்வரின் கொடையையோ நம்பிப் பயனில்லை என்று பணிக்கர் கண்டார். கைத்தொழிலே கலைஞனுக்குச் சோறு போடட்டும். மிச்ச நேரத்தில் அவன் தன் படத்தை யாருக்கும் அஞ்சாமல் எழுதட்டும் என்று முடிவு செய்தார்.

மாணவர்களும் நண்பர்களும் கூடினார்கள். மெழுகுச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளையும் உலோக, மர, தோல் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அந்த வருவாயைச் சேர்த்து, 1966-இல் சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழியில், ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில், சவுக்கும் மணலுமாகக் கிடந்த நிலத்தை வாங்கினார்கள். சோழமண்டலம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அங்கே மனை பெற்றுத் தாமே குடிசை கட்டிக்கொண்டார்கள். தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் என்ற பேதம் அங்கே இல்லை; தென்னாட்டு நான்கு மொழியும் ஒரே கிணற்றடியில் பேசப்பட்டன. மொழிவாரி மாநிலங்கள் அமைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்த வேளையில் இப்படி ஓர் ஊர் எழுந்தது என்பதை நேயர்கள் கருத வேண்டும்.

பிரான்சிலும் இதற்கு ஒப்பான ஓர் ஊர் உண்டு. பாரிஸுக்கு அப்பால் காட்டோரத்தில் உள்ள பார்பிசோன் சிற்றூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் பலர் சென்று தங்கினார்கள். உழவர் குடும்பத்தில் பிறந்த மிலே 1849-இல் அங்கே குடியேறி, கதிர் பொறுக்கும் பெண்களையும் விதைக்கும் உழவனையும் தீட்டி, வறுமையோடு போராடி, 1875-இல் அங்கேயே மறைந்தார். பார்பிசோன் தானாகக் கூடிய ஊர். அங்கே ஒவ்வொருவரும் தம் வறுமையைத் தனியே சுமந்தார்கள். சோழமண்டலமோ திட்டமிட்டு எழுப்பிய ஊர். அங்கே கூட்டாக உழைத்து, வருவாயில் ஒரு பகுதியைப் பொதுவில் சேர்த்துக்கொண்டார்கள். தம் பள்ளியில் முதலில் கற்பிக்கப்பட்ட கைத்தொழிலையும், பின்னர் வளர்ந்த நுண்கலையையும் பணிக்கர் இந்த ஊரில் மறுபடி ஒன்று சேர்த்தார் எனலாம்.

அந்த ஊரில் எல்லாருக்கும் வாழ்வு இனிதாக அமைந்துவிடவில்லை. கனவுலகங்களை மசிக்கோட்டால் வரைந்த கே. இராமானுஜம் என்னும் ஒப்பற்ற தமிழ்க் கலைஞர் 1973-இல் இளமையிலேயே மறைந்தார். ஊர் ஒன்றைக் கட்டிவிட்டால் தனிமனிதனின் துயரம் முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. ஆயினும், ஊர் நிலைத்தது. பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகச் சிற்பியாகப் புகழ்பெற்று, 2017-இல் மறையும்வரை அந்த ஊரைப் பேணினார். 2009-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளை இன்று அங்கே காணலாம்.

பணிக்கரின் மாணவர்களில் ஒருவரைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பாலக்காட்டு மாவட்டத்தின் குமரநல்லூரில் 1939-இல் பிறந்தவர் அக்கித்தம் நாராயணன். ஞானபீடப் பரிசு பெற்ற மலையாளக் கவிஞர் அக்கித்தம் அச்சுதன் நம்பூதிரியின் தம்பி. சென்னையில் பணிக்கரிடம் பயின்று, 1967-இல் பிரான்சு அரசின் உதவித்தொகையோடு பாரிஸுக்குச் சென்றார். அந்நகரையே தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அவருடைய படங்களில் பாரிஸின் தெருக்களோ செய்ன் நதியோ இல்லை. சதுரமும் முக்கோணமும் வட்டமும் இருக்கின்றன. தம் வீட்டு வழிபாட்டில் தரையில் எழுதப்பட்ட சக்கரங்களின் வடிவங்கள் அவை. அடுத்த ஆண்டு கொல்லத்துக் கடவூரைச் சேர்ந்த விசுவநாதனும் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தார். அவரும் இதே ஆசிரியரின் மாணவரே.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. ஆசிரியர் பாரிஸைக் கண்டு, தம் எழுத்தைத் தேடி ஊர் திரும்பினார். மாணவர் பாரிஸிலேயே தங்கி, தம் களத்தை அங்கே எழுதினார். ஒருவர் செயல் சரி, மற்றவர் செயல் தவறு என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. இருவரும் ஒரே ஆற்றங்கரைப் பண்பாட்டின் குறிகளைக் கொண்டே படம் எழுதினார்கள். வட்டார ஓவியர் என்பவர் வட்டாரத்தில் குடியிருப்பவராகத்தான் இருக்க வேண்டுமா என்ற ஐயத்துக்கு இந்த இரண்டு வாழ்க்கைகளும் சேர்ந்து பதில் சொல்கின்றன. கூர்பேயும் செசானும் தம் வட்டாரத்தைக் கண்ணால் கண்டார்கள். அதற்கு மலையருகே இருக்க வேண்டியிருந்தது. பணிக்கரும் நாராயணனும் வட்டாரத்தைக் கையில் வைத்திருந்தார்கள். கை எங்கே போனாலும் அது உடன் சென்றது.

பணிக்கர் 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு லலித் கலா அகாதெமி அவரைத் தன் மதிப்புறு உறுப்பினராக ஏற்றுப் பெருமைப்படுத்தியது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் உள்ள வளாகத்தில் அவருடைய படங்களுக்கென்றே ஒரு தனிக்கூடம் அமைக்கப்பட்டது. தமிழகத்தில் பிறந்து, தமிழகத்தில் உழைத்து, தமிழகத்தில் மறைந்த அவரைக் கேரளம் தன் மகனாகவே கொண்டாடுகிறது. தமிழகமோ சோழமண்டலத்தின் வழியே அவரை நினைவில் வைத்திருக்கிறது. இரண்டுமே பொருத்தமான செயல்கள்.

நேயர்களே, வெளிமாநிலங்களில் வாழும் நம் வீடுகளுக்கு இந்த வாழ்வு நெருங்கிய தொடர்புடையது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வருவதில்லை. தாத்தாவின் கடிதத்தை அவர்கள் கையில் கொடுத்தால், அது அவர்களுக்கு வளைவும் சுழியும் நிறைந்த ஒரு சித்திரமாகவே தோன்றும். பணிக்கரின் சீலையில் நாம் காணும் அதே காட்சி. இதில் இழப்பு இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். அவர் எழுத்தைப் படிக்கத் தெரிந்து, பின்னர் சொல்லை நீக்கினார். நம் பிள்ளைகளுக்கோ அந்தச் சொல் வந்து சேரவே இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு, பார்த்தாலே போதும் என்று அவர் படத்தைக் காட்டி நம்மை நாமே தேற்றிக்கொள்வது முறையாகாது.

ஆனால், அவர் படத்திலிருந்து ஒரு வழியைக் கற்றுக்கொள்ளலாம். எழுத்தை முதலில் கண்ணுக்கு இனிய உருவமாகப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யலாம். எழுத்தைப் பாடமாகவும் தண்டனையாகவும் வைத்து, விடுமுறை நாளில் அழவைத்துக் கற்பிக்கும் வீடுகளை நாம் அறிவோம். அதற்கு மாறாக, வாசலில் கோலம் போடும் கையாலேயே ஒரு ழகரத்தைப் போட்டுக் காட்டலாம். அதன் சுழியை அவர்கள் விரும்பித் தொடர்ந்தால், அதன் ஒலியைக் கேட்கும் நாள் வெகு தூரத்தில் இராது. எழுதுதல் என்பதன் பழைய இரண்டு பொருளும் அப்போது ஒரே வீட்டுக்குள் மறுபடி வந்து சேரும்.

தில்லியில் வாழும் நேயர்கள் தேசிய நவீன ஓவியக்கூடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சென்று வரலாம். பணிக்கரின் படைப்புகள் அதன் சேகரிப்பில் உள்ளன. விடுமுறைக்கு ஊர் செல்வோர் சோழமண்டலத்தில் ஒரு காலைப்பொழுதைச் செலவிடலாம். பாலக்காட்டு வழியே ரயிலில் செல்வோர், மலை இரு புறமும் விலகி நிற்கும் இடத்தில் சன்னலோரம் அமர்ந்து, பிள்ளைகளுக்கு அந்த வெளியைக் காட்டலாம். கிழக்கு முனையில் பிறந்து மேற்கு முனையில் படம் எழுதக் கற்ற ஒரு சிறுவனின் கதையையும் அப்போதே சொல்லலாம்.